முக்கோணத்தை எந்தப் பக்கம் திருப்பித் தைப்பது?

நான் முதன்முதலில் தைத்த இளஞ்சிவப்பு முக்கோணம் தலைகீழாகப் போய்விட்டது. தலைகீழ் என்பதா, நேர் என்பதா என்பதிலேயே ஒரு கதை இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தன்பாலீர்ப்பாளர்களும் திருநரும் நடத்தும் சுயமரியாதைப் பேரணிக்கு (பிரைட்) முந்தின வாரம். எங்கள் குழுவுக்கு முப்பது பேட்ச் தைத்துத் தருவதாக வாய்விட்டிருந்தேன். லைனிங் துணி மிச்சம் கிடந்தது, நல்ல இளஞ்சிவப்பு. ஒரு போஸ்டரில் பார்த்த மாதிரி கூர்முனை மேலே நிற்கும்படி கறுப்புத் துணியில் வைத்து அடித்து, இஸ்திரி போட்டு, மேஜையில் பரப்பி வைத்திருந்தேன். குழுவில் மூத்தவரான ஒரு அக்கா வந்தார், வரலாறு கற்பிப்பவர். ஒரு பேட்சின் மேல் விரலை வைத்து அப்படியே சுற்றினார். முனை கீழே வந்து நின்றது.

"நாஜி வதைமுகாமில் இப்படித்தான் போட்டிருந்தாங்க."

"அப்போ நான் தைச்சது தப்பாக்கா?"

"தப்பில்லை. ஏன் மேலே பார்க்குதுன்னு யாராவது கேட்டா நீ பதில் சொல்லணும். தெரியுமா?"

தெரியவில்லை. முப்பது பேட்ச் தைத்த பிறகுதான் அந்தத் துணி யார் நெஞ்சில் இருந்தது என்று கற்றுக்கொண்டேன். நீங்கள் கத்தரியை எடுப்பதற்கு முன்பே கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முக்கோணம்

ஜெர்மனியின் குற்றவியல் சட்டத்தில் 1871இலிருந்து 175ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஆணும் ஆணும் உறவு கொள்வது குற்றம் என்றது அது. 1935இல் நாஜிகள் அதை இன்னும் இறுக்கினார்கள். அவர்கள் ஆட்சிக்காலத்தில் சுமார் ஒரு லட்சம் ஆண்கள் கைதானார்கள். அதில் பாதிப் பேருக்குத் தண்டனை. வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் 5,000 முதல் 15,000 பேர் வரை என்பது வரலாற்றாளர்களின் கணக்கு. முகாமில் எல்லோருக்கும் துணியில் ஒரு முக்கோணம்: அரசியல் கைதிக்குச் சிவப்பு, குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவருக்குப் பச்சை, யெகோவாவின் சாட்சிகளுக்கு ஊதா, யூதருக்கு இரண்டு மஞ்சள் முக்கோணம் சேர்ந்த நட்சத்திரம். தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கு இளஞ்சிவப்பு. முனை கீழே.

1945இல் முகாம்கள் திறந்தன, ஆனால் 175 போகவில்லை. முகாமிலிருந்து வெளியே வந்த சிலர், மீதித் தண்டனையைக் கழிக்க நேராகச் சிறைக்கே போனார்கள். மேற்கு ஜெர்மனி நாஜிகள் எழுதிய அதே வாசகத்தை 1969 வரை வைத்திருந்தது. அந்தப் பிரிவு அடியோடு ஒழிந்தது 1994இல்தான். மற்றக் கைதிகளுக்கு நினைவுச்சின்னமும் இழப்பீடும் பேசப்பட்ட வருடங்களில் இவர்கள் வாயே திறக்க முடியாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். உயிர் பிழைத்த ஒரு ஆஸ்திரியரின் நினைவுகள் 1972இல், அதுவும் புனைபெயரில்தான், புத்தகமாக வந்தன. மறுவருடம் மேற்கு பெர்லினில் இயங்கிய தன்பாலீர்ப்பாளர் குழு ஒன்று, இந்த முக்கோணத்தை நாமே எடுத்து அணிவோம் என்று அழைப்பு விடுத்தது. யோசித்துப் பாருங்கள், அதை அணிந்து தெருவில் நடந்தபோது அந்தச் சட்டத்தின் மிச்சம் இன்னும் புத்தகத்தில் இருந்தது.

அந்த ஆஸ்திரியர் ஜோசப் கோஹூட். கைதி எண் 1896. அந்த எண்ணும் முக்கோணமும் இருந்த துணி இப்போது வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (நாஜி இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஊசியை எடுங்கள் என்பதுதான் என் முதல் செய்முறைக் குறிப்பு.

முனை மேலே பார்ப்பது வேறு கதை. 1987இல் நியூயார்க்கில் ஆறு பேர் சேர்ந்து ஒரு போஸ்டர் போட்டார்கள்: கறுப்புப் பின்னணி, பளிச்சென்ற இளஞ்சிவப்பு முக்கோணம் மேல் நோக்கி, கீழே 'மௌனம் = மரணம்' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள். எய்ட்ஸில் நண்பர்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருக்க, அரசாங்கம் வாயைத் திறக்காமல் இருந்த காலம். அதே வருடம் பிறந்த ஆக்ட் அப் என்ற எய்ட்ஸ் போராட்ட இயக்கம் அதைத் தன் கொடி மாதிரியே தூக்கிப் போனது. நான் பார்த்து அடித்தது இந்தப் போஸ்டரைத்தான்.

ஆக, அஞ்சலிக் கூட்டத்துக்கு என்றால் முனையைக் கீழே வைத்துத் தைப்பேன். மருந்து வேண்டும், சட்டம் மாற வேண்டும் என்று கேட்கிற ஊர்வலத்துக்கு என்றால் மேலே. இது என் வழக்கம், விதி இல்லை. ஆம்ஸ்டர்டாமில் அதே 1987இல் திறந்த நினைவிடத்தில் மூன்று இளஞ்சிவப்புக் கருங்கல் முக்கோணங்கள் படுத்திருக்கின்றன. மேல் கீழ் என்கிற சண்டையே அங்கே இல்லை. முனைகள் டாம் சதுக்கத்தில் இருக்கிற போர் நினைவுச்சின்னத்தையும், யூதச் சிறுமி ஆன் பிராங்க் ஒளிந்திருந்த வீட்டையும், அந்நாட்டின் பழைய தன்பாலீர்ப்பாளர் அமைப்பு ஒன்றின் அலுவலகம் இருந்த இடத்தையும் காட்டுகின்றன. அதை வடிவமைத்தவர் தையல் கற்றிருந்தால் பிரமாதமாக வந்திருப்பார்.

சரி, வெட்டுவதற்கு வருவோம். 10 செ.மீ. கோடு ஒன்று போடுங்கள். நடுவில் 5இல் புள்ளி. அங்கிருந்து செங்குத்தாக 8.7 செ.மீ. ஏறி இன்னொரு புள்ளி. மூன்றையும் சேர்த்தால் மூன்று பக்கமும் சமம். சுற்றிலும் 1 செ.மீ. தையலுக்கு விட்டு வெட்டுங்கள். அடிக்கோட்டைத் துணியின் நேர்நூலில் வைத்தால் மற்ற இரண்டு பக்கமும் கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக, விழும். கிராஸில் விழுந்தது இழுபடும், முக்கோணம் கோணிக்கொள்ளும். எனவே வெட்டும் முன்பே பின்பக்கம் ஒட்டு கேன்வாஸ் வைத்து இஸ்திரியால் ஒட்டிவிடுங்கள். என் முதல் முப்பதில் பாதி பேட்ச் கோணலாக இருந்தது இதைச் செய்யாததால்தான்.

கூர்முனைதான் தொந்தரவு. இரண்டு பக்கத்தையும் முதலில் மடித்தால் முனையில் துணி குவிந்து மொட்டையாகிவிடும். முதலில் முனையை உள்ளே மடித்து அழுத்துங்கள். குவிகிற துணியை நூலிழை விட்டு வெட்டி எறியுங்கள். பிறகு வலம், இடம். மெஷினில் ஓட்டினால் முனைக்கு வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி பாதத்தை இறக்கி ஓட்டுங்கள். கையால் தைக்க நேரமிருந்தால் கையாலேயே தையுங்கள், இதற்கு அதுதான் அழகு.

நிறத்தில் அவசரப்பட வேண்டாம். ரோஜா மிட்டாய் நிறத்தில் தைத்தால் குழந்தைத் தொப்பிக்குப் போட்ட பூ மாதிரி ஆகிவிடுகிறது. நான் கொஞ்சம் வெளுத்த, பழைய துணி போன்ற சாயலைத் தேடி எடுப்பேன். போஸ்டர் வகைக்கு மட்டும் கண்ணைக் குத்தும் நிறம்.

மாட்டுவதற்கு நான் பிரஸ் பட்டன்தான் வைக்கிறேன், சட்டையோடு சேர்த்து அடிப்பதில்லை. முகாமில் அது உடையிலேயே நிற்கும், கழற்றினால் தண்டனை. எங்கள் பேரணிக்கு வருகிறவர்களில் பலர் வீட்டு வாசலுக்கு இரண்டு தெரு முன்னால் அதைக் கழற்றிப் பைக்குள் போட வேண்டியிருக்கிறது. நான்கு பட்டன் வேண்டாம், இரண்டு போதும், சத்தமில்லாமல் கழலும்.

கறுப்பும் கோடரியும்

பெண்களின் கதை இதைவிடச் சிக்கல். 175ஆம் பிரிவு பெண்களைத் தொடவில்லை. தொடவில்லை என்றால் விட்டுவைத்தார்கள் என்று பொருளில்லை. 'சமூக விரோதி' என்று ஒரு பொதுப் பை இருந்தது. வீடற்றவர், ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்கள், பாலியல் தொழில் செய்தவர் என்று யார் யாரையோ அதில் போட்டார்கள். அதன் அடையாளம் கறுப்பு முக்கோணம். பெண்களை நேசித்த பெண்களில் சிலர் அந்தப் பையில் விழுந்தார்கள், சிலர் யூதராகவோ அரசியல் கைதியாகவோ வேறு நிறத்தில் இருந்தார்கள். ஆகவே 'லெஸ்பியன்களுக்குக் கறுப்பு முக்கோணம் தந்தார்கள்' என்று பேட்சோடு துண்டுச்சீட்டு அச்சடித்துத் தராதீர்கள். அது ரோமா மக்களின் நினைவையும் சேர்த்து அழிக்கிறது. ராவென்ஸ்ப்ரூக் பெண்கள் முகாமில் லெஸ்பியன்களுக்கென்று ஒரு நினைவுச்சின்னம் 2022இல்தான் வந்தது. பல வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைத்தது.

கறுப்பு முக்கோணத்துக்குள் வெள்ளை இருமுனைக் கோடரி, சுற்றிலும் ஊதா: அது லெஸ்பியன்களின் லாப்ரிஸ் கொடி. லாப்ரிஸ் என்பது அந்தக் கோடரியின் பெயர். வடிவமைக்கப்பட்டது 1999இல். கோடரியை லெஸ்பியன் பெண்ணியர்கள் 1970களிலேயே கழுத்தில் மாட்டத் தொடங்கிவிட்டார்கள். கிரீட் தீவின் பழைய நாகரிகத்தில் கிடைத்த சின்னம், பெண் தெய்வங்களோடு சேர்த்துப் பேசப்படுவது. ஆனால் அதே கோடரியை 1936இல் கிரேக்கத்தில் ஆட்சியைப் பிடித்த மெட்டாக்சாஸின் சர்வாதிகாரமும் தன் சின்னமாக வைத்திருந்தது. அதனால் கோடரியை மட்டும் தனியாகத் தைத்துத் தரச் சொன்னால் நான் கொஞ்சம் இழுத்தடிப்பேன். பக்கத்தில் ஊதாவோ முக்கோணமோ இருந்தால் குழப்பமில்லை. தைப்பது கஷ்டம், வளைவு அதிகம். வெள்ளை ஃபெல்ட் துணியில் வெட்டி ஒட்டுங்கள், பிசிறு வராது.

வானவில் கொடி

இதைத் தைத்தவர் தையல்காரர் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். கில்பர்ட் பேக்கர் அமெரிக்க ராணுவத்திலிருந்து வெளியே வந்து, தானாகத் தையல் கற்றுக்கொண்டு, சான் பிரான்சிஸ்கோவில் ஊர்வலங்களுக்குப் பேனர் தைத்துக்கொண்டிருந்தார். முக்கோணம் எப்படியிருந்தாலும் எதிரி கொடுத்தது, நமக்கென்று நாமே செய்த ஒன்று வேண்டும் என்பது அவர் எண்ணம். 1978 ஜூன் 25 அன்று நகரத்து ஐ.நா. பிளாசாவில் முதல் கொடிகள் பறந்தன. லின் செகர்ப்ளோம் சாயம் தோய்ப்பதில் கைதேர்ந்தவர், ஜேம்ஸ் மெக்நமாரா தையலில். கூடச் சுமார் முப்பது தன்னார்வலர்கள். குப்பைத் தொட்டிகளில் சாயம் கரைத்து, பருத்தித் துணியை முக்கி, காயவைத்து, இஸ்திரி போட்டு, தைத்தார்கள். 30 அடிக்கு 60 அடி, இரண்டு கொடி. நான் இதுவரை தைத்ததில் பெரியது ஆறு அடி. அதற்கே மூன்று நாள் முதுகு நிமிரவில்லை.

அப்போது எட்டுப் பட்டை. மேலிருந்து: அடர் இளஞ்சிவப்பு காமத்துக்கு, சிவப்பு உயிருக்கு, ஆரஞ்சு குணமாதலுக்கு, மஞ்சள் சூரிய வெளிச்சத்துக்கு, பச்சை இயற்கைக்கு, நீலப்பச்சை மாயத்துக்கு, கருநீலம் அமைதிக்கு, ஊதா ஆன்மாவுக்கு. அந்த நவம்பரில் நகரசபையான மேற்பார்வையாளர் குழுவில் இருந்த ஹார்வி மில்க் சுட்டுக் கொல்லப்பட்டார். வெளிப்படையான தன்பாலீர்ப்பாளராகத் தேர்தலில் நின்று ஜெயித்தவர். உடனே கொடிக்குக் கிராக்கி. அந்த இளஞ்சிவப்பில் கடைத்துணி கிடைக்கவில்லை, அது போனது. மறுவருடம் தெருவிளக்குக் கம்பங்களில் தொங்கவிட இரட்டைப்படையாக இருந்தால் தேவலை என்று நீலப்பச்சையும் போனது, கருநீலம் சாதா நீலமானது. ஆறு பட்டை நின்றுவிட்டது.

பட்டைகளுக்குப் பின்னால் ஏதோ பெரிய தத்துவ முடிவு இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும். எனக்கோ சிரிப்பு வரும். துணிக்கடையில் 'அந்த கலர் இல்லையேம்மா' என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது புரியும். முதல் பட்டையின் பொருளை நினைத்துப் பார்த்தால், போனதில் ஒரு சின்ன வருத்தமும் உண்டு. நேரமும் துணியும் இருந்தால் எட்டாகத் தையுங்கள். பார்க்கிறவர் கேட்பார், பேச்சு தொடங்கும்.

ஆறு பட்டைக்கு என் அளவு: கொடி 150க்கு 90 செ.மீ., பட்டை ஒவ்வொன்றும் 15. நடுவில் வரும் நான்கு பட்டையையும் 18 செ.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள், இரண்டு பக்கமும் ஒன்றரை செ.மீ. தையலுக்கு. மேல் சிவப்புக்கும் கீழ் ஊதாவுக்கும் ஒரு ஓரம் மடிக்க வேண்டும் என்பதால் 19.5. நீளம் எல்லாவற்றுக்கும் 160; ஒரு முனையில் கம்பு நுழைய 7, மறுமுனையில் இருமுறை மடிக்க 3. முதலில் இரண்டிரண்டாகச் சேருங்கள்: சிவப்பு-ஆரஞ்சு, மஞ்சள்-பச்சை, நீலம்-ஊதா. பிறகு மூன்று ஜோடியையும் சேருங்கள். வரிசையாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் மொத்தக் கொடியின் பாரமும் மெஷினின் ஒரே பக்கம் தொங்கி இழுக்கும். அடுத்த பட்டையை எதிர்த்திசையில் ஓட்டுங்கள், இல்லையென்றால் கொடி வில்லாக வளையும். உள்ளே இருக்கும் விளிம்புகளில் ஒன்றைக் குட்டையாக வெட்டி, மற்றதை அதன்மேல் மடித்து இன்னொரு ஓட்டு ஓட்டினால் காற்றில் எத்தனை மணி நேரம் அடித்தாலும் பிசிறாது.

சிவப்பு மேலே. செங்குத்தாகத் தொங்கவிட்டால் பார்ப்பவருக்குச் சிவப்பு இடப்பக்கம். கம்பு நுழைக்கும் பக்கத்தைத் தைக்கும் முன் இதை ஒருமுறை சுவரில் பிடித்துப் பார்த்துவிடுங்கள். 2018இல் டேனியல் குவாசர் போட்ட வடிவத்தில், கம்புப் பக்கம் கறுப்பு, பழுப்பு, திருநர் கொடியின் நிறங்கள் எல்லாம் அம்பு மாதிரி வரும். அதற்கு வேறு வெட்டு, வேறு பொறுமை. திருநர் கொடி மட்டும் என்றால் உங்களுக்கு யோகம்: 1999இல் மோனிக்கா ஹெல்ம்ஸ் அதைத் தலைகீழாகப் பிடித்தாலும் சரியாகவே இருக்கும்படி வடிவமைத்தார். வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம். எனக்கு மிகப் பிடித்த கொடி, தையல்காரியாகச் சொல்கிறேன்.

லாவண்டர் சட்டை

திட்டிய சொல்லையே எழுதி மாட்டிக்கொள்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1969 வாக்கில் அமெரிக்கப் பெண்கள் இயக்கத்தின் பெரிய தலைவர் பெட்டி ஃபிரீடன், லெஸ்பியன்கள் அந்த இயக்கத்துக்கே ஒரு 'லாவண்டர் அபாயம்' என்று சொன்னார். 1970 மே 1 அன்று நியூயார்க்கில் பெண்கள் மாநாடு. திடீரென்று அரங்கில் விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தபோது, கையாலேயே சாயம் தோய்த்த லாவண்டர் நிற (வெளிர் ஊதா) சட்டையில் 'லாவண்டர் அபாயம்' என்று எழுதிக்கொண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். மேடை அன்று அவர்கள் கைக்குப் போனது.

நீங்களும் தோய்க்கலாம். பருத்திச் சட்டைதான் வேண்டும், பாலியெஸ்டர் கலந்தால் பிடிக்காது. ஊதாச் சாயத்தில் பாக்கெட்டில் சொன்ன அளவில் பத்தில் ஒரு பங்கு போதும். முதலில் ஒரு கந்தலில் சோதியுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் நன்றாக வெளுக்கும். சட்டையை முன்பே நனைத்துப் பிழிந்து போட்டால் திட்டுத் திட்டாக ஏறாது. கையுறை மறக்க வேண்டாம்.

கையுறை போடாமல் விட்டவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1969 அக்டோபர் 31 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பத்திரிகை அலுவலகத்தின் முன்னால் நின்று போராடிய தன்பாலீர்ப்பாளர்கள்மேல் மாடியிலிருந்து அச்சு மையைக் கொட்டினார்கள். நனைந்தவர்கள் அதே மையால் கட்டடச் சுவரெங்கும் ஊதாக் கைகளைப் பதித்தார்கள். குழந்தைகளோடு வருகிற குடும்பங்களுக்கு நான் தருவது இதைத்தான்: சட்டைக்குள் ஒரு அட்டையைச் செருகி, துணிக்கான பெயின்ட்டை ஸ்பாஞ்சால் உள்ளங்கையில் தடவி, ஒரே அழுத்து. காய்ந்ததும் உள்பக்கத்திலிருந்து இஸ்திரி.

ஆரஞ்சு விட்ட சாயம்

லெஸ்பியன் கொடியில் இப்போது பரவலாக இருப்பது 2018இல் வந்த ஆரஞ்சு-வெள்ளை-இளஞ்சிவப்பு வகை. ஏழு பட்டை அசல், ஐந்தாகவும் தைக்கிறார்கள். நடுவில் வெள்ளை இருக்கிறது, ஜாக்கிரதை. சாயம் போகவே போகாது என்று கடையில் சத்தியம் பண்ணிக் கொடுத்த ஆரஞ்சை அப்படியே தைத்துக் கொடுத்தேன். பேரணி நடுவில் மழை. என் துணைவி அதைத் தோளில் போர்த்தியிருந்தாள். வெள்ளைப் பட்டை காவியும் இல்லாத, ரோஜாவும் இல்லாத ஒரு நிறத்துக்குப் போனது, அவள் சட்டையும்கூட. அந்தக் கொடியை இன்னும் வைத்திருக்கிறோம். அதன்பிறகு எந்தத் துணியையும் வெட்டும் முன் தனித்தனியாக நனைத்து, ஈரமாகவே வெள்ளைக் கந்தலில் அழுத்திப் பார்க்காமல் விடுவதில்லை. சாயம் ஏறினால், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். தெளியாவிட்டால் அந்தத் துணியைக் கொடிக்கு எடுக்காதீர்கள்.

தைக்கவே வராது என்பவர்களுக்கு லாம்டா இருக்கிறது: λ. 1970இல் நியூயார்க்கில் ஒரு ஆர்வலர் குழுவுக்காக டாம் டோர் தேர்ந்தெடுத்த கிரேக்க எழுத்து. 1974இல் எடின்பரோவில் நடந்த சர்வதேச மாநாடு அதைப் பொதுச் சின்னமாக ஏற்றது. இடமிருந்து வலம் சரியும் ஒரு நீளக்கோடு, நடுவிலிருந்து இடப்பக்கம் இறங்கும் ஒரு குட்டைக்கோடு. சங்கிலித் தையலில் பத்து நிமிடம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கணக்கு வாத்தியார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எல்லாம் முடிந்து கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு பேட்சையும் கவிழ்த்து வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தடவுங்கள். குண்டூசி ஒன்று கட்டாயம் மாட்டியிருக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் மாட்டுகிறது. இதை மாட்டுபவர் இடப்பக்க நெஞ்சில் மாட்டப்போகிறார்.